சாஜனின் மணல்

கிணற்றடியில் கிடந்ததைப் பக்கத்து வளவு அலன் அள்ளவில்லை. பூவரசங்கம்பு ஒன்றை முறித்து அதன் பக்கத்தில் நட்டு, நுனியில் ஒரு சிவப்புப் பொலித்தீன் பையைக் கட்டி விட்டிருந்தான். ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். கச்சான் காற்றில் அந்தப் பை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சந்திக் கடைக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு சைக்கிளை உருட்டி வந்த மக்டலின் முதலில் கண்டது அந்தக் கொடியைத்தான். பிறகுதான் கீழே கிடந்த நாய்ப்பீயைக் கண்டாள்.

"இதென்ன தம்பி, அந்தோனியார் கோயில் கொடியேத்தத்துக்கு இன்னும் நாள் கிடக்கே" என்றாள்.

"பகிடி விடாதீங்க அக்கா. உங்கட சாஜன்ட வேல இது. வாளி வைக்கிற கல்லுல இருந்து ஒரு பாகம் தூரம் இரிக்குமா, பாருங்க."

"கண்ட உடன அள்ளிப் போட்டிரிக்கலாமே."

"நாய் உங்கட. நான் ஏன் அள்ளணும்?" அலன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் ஒழுங்கைக்கே கேட்கும்படி பேச அவனுக்கு வரும். "ரெண்டு வளவுக்கும் இந்த ஒரு கிணறுதான். என்ட புள்ளைகள் இதுலதான் குளிக்குதுகள். நீங்களும் இந்தத் தண்ணியிலதான் மா குழைக்கிறீங்க. சந்திக் கடையில இடியப்பம் தின்னுறவனுக்கு இதத் தெரியப்படுத்தினா எப்பிடி இரிக்கும்?"

மக்டலின் சிரட்டையொன்றை எடுத்து வந்து அள்ளினாள். வாழையடியில் குழி தோண்டிப் புதைத்தாள். கம்பைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபப்படுவது சுகமாக இருந்திருக்கும். மெய் என்பதால் அது நெஞ்சுக்குள்ளேயே கிடந்து கொதித்தது.

சாஜன் குசினி வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. செவலை நாய். ஒரு காது எப்போதும் நெற்றிப் பக்கம் மடிந்து கிடக்கும். அது பொலிஸ் சாஜன் சலூட் அடிப்பதுபோல இருக்கிறது என்று சொல்லி மகள் சுலக்ஷனா வைத்த பெயர் அது.

அந்த நாய் இந்த வீட்டுக்கு வந்தது போன மாரியில். மக்டலினின் புருசன் நிக்சன் கட்டாரில் கட்டட வேலை. வீட்டில் அவளும், சாதாரண தரம் படிக்கிற சுலக்ஷனாவும்தான். இடியப்பத்துக்கு ஊர் உறங்கும்போதே எழும்பி அடுப்பு மூட்ட வேண்டும். குசினி வீட்டோடு ஒட்டாமல் வளவின் பின்பக்கம், ஆற்றைப் பார்த்தபடி தனியாக நிற்கிறது. மழை கொட்டிய ஒரு விடியற்காலை, அவள் மா அவித்துக்கொண்டிருந்தபோது யாரோ குசினிக் கதவைத் தள்ளினார்கள். முதலில் மெதுவாக. பிறகு தோளைக் கொடுத்து. அவள் கொதிதண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு "ஆரு?" என்றாள். வெளியே ஒரு மூச்சு மட்டும் கேட்டது. வேலி மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். முகம் காணவில்லை.

அதற்குப் பிறகு, ஏறாவூரில் இருந்து மா மூட்டை கொண்டு வருகிற றமீஸிடம் சொல்லி ஒரு குட்டி எடுத்தாள். குட்டி நாயானது. அன்றிலிருந்து அந்தக் கதவில் எவர் கையும் விழவில்லை. அடுப்புக்கு முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து அவள் இடியப்ப உரலைப் பிழிவது சாஜன் வாசலில் படுத்திருக்கிற தைரியத்தில்தான். இது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

பின்னேரம் மூப்பர் ஜெயராஜா வந்தார். கோயில் காரியம் எல்லாம் அவர் சொற்படிதான். திருவிழாக் குழுவின் செயலாளர் அலன். ஆகவே அலன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்பது அவர் கதிரையில் இருந்த விதத்திலேயே தெரிந்தது.

"புள்ள, இந்த ஒழுங்கையாலதான் அந்தோனியார்ர கூடு வரும். சொரூபத்தைத் தூக்கிற ஆக்கள் செருப்பில்லாம வருவாங்க."

"தெரியும் மூப்பர். நான் கலியாணம் முடிச்ச நாள் தொட்டுத் தெரியும்."

"அலன் சொல்லுறான், நாயைத் தோணியில ஏத்தி ஆத்துக்கு அங்கால படுவான்கரையில விட்டா என்ன எண்டு. அங்க வயல் வட்டைக்க எலி புடிச்சுத் திண்டு பிழைச்சிரும்."

"இது எலி புடிக்கிற நாய் இல்ல மூப்பர். என்ட வாசல்ல படுக்கிற நாய்."

மூப்பர் பிளேன்ரீயை ஊதிக் குடித்தார். அவர் கெட்ட மனுசன் அல்ல. யாருக்கும் நோகாத முடிவைத் தேடுகிறவர். அப்படித் தேடுகிறபோது யார் வாயில்லாமல் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் நோகும். "அப்ப ஒண்டு செய். பெருநாளுக்கு முதல் அதை ஒரு இடத்துல போகப் பழக்கு. பழகினா நிக்கட்டும். பழகாட்டி தோணிதான். சரியா?"

"நாய்க்குக் கொல்லைக்குப் போகப் பழக்கிறதா?"

"ஓம். நீதானே வளக்கிறாய்."

மக்டலினுக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோற்றில் உப்பே போடவில்லை. "சாராயத்தைக் குடிச்சிட்டு ஆம்பிளைகள் எங்கட வேலிக்கு முன்னால நிண்டு மூத்திரம் பேயிறானுகள். அதுக்கு ஒரு மூப்பரும் வந்து பிளேன்ரீ குடிக்கல்ல. நாய்க்கு மட்டும் சட்டம்" என்று சட்டி பானைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுலக்ஷனாதான் கைத்தொலைபேசியில் தேடினாள். யாரோ ஒருவர் தமிழிலேயே விளக்கிப் போட்டிருந்தார். அடிக்கக் கூடாது. மூக்கைத் தேய்க்கக் கூடாது. தின்றதும், உறங்கி எழும்பினதும் ஒரே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். போய் முடித்த கையோடு அதுக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுக்க வேண்டும்.

வளவின் மூலையில், முருங்கைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை ஒதுக்கினார்கள். மக்டலின் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய் அவளைப் பார்த்தது. அவள் நாயைப் பார்த்தாள். வெயில் ஏறியது. நாய் கால்களை மாறி மாறித் தூக்கி வைத்ததே தவிர கொல்லைக்கு இருக்கவில்லை. கயிற்றை அவிழ்த்ததும் நேரே கிணற்றடிக்கு ஓடிக் காரியத்தை முடித்தது.

வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பிரஷாந்தி எட்டிப் பார்த்தாள். அலனின் மனைவி. "என்னக்கா, சாஜனுக்கு வகுப்பு நடக்குதா?"

"நடக்குது. வாத்தியார் நான். மாணவன் கடைசி வாங்கில இருக்கிறான்."

"என்ட மாமியார் இவருக்குச் சின்னதுல பழக்கப் பட்ட பாடு சொல்லுவா. ஒரு வருசம் எடுத்ததாம்" என்று பிரஷாந்தி சிரித்தாள். அலன் உள்ளிருந்து செருமியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு உடுப்பை உதறினாள்.

இப்படியே நாட்கள் போயின. கிணற்றடியில் அலன் திரும்பவும் நட்ட பூவரசங்கம்பு அப்படியே நின்றது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்த சுலக்ஷனா, புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல், நாயின் பின்னால் நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"அம்மா, அது கிணத்துக்கு வாறல்ல. மணலுக்கு வருது."

மெய்தான். மக்டலினின் வளவு ஆற்றுச் சேறு கலந்த கறுத்த மண். கோடையிலும் ஈரம் விடாது, காலில் ஒட்டும். கிணற்றடிக்கு மட்டும் அலன் போன வருசம் கடற்கரையில் இருந்து வெள்ளை மணல் ஏற்றிப் பரப்பியிருந்தான். நாய் அந்தக் காய்ந்த, பொருபொருத்த மணலை முகர்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகுதான் இருந்தது.

அடுத்த நாளே மக்டலின் சைக்கிளில் கடற்கரைக்குப் போனாள். மா வந்த சாக்குகளில் வெள்ளை மணலை அள்ளி, பின்கரியரில் கட்டி, எதிர்காற்றில் மிதித்து வந்தாள். நாய்க்குப் பீயிருக்க மணல் அள்ளிக்கொண்டு போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டவர்களிடம் குரோட்டன் நடப் போகிறேன் என்றாள். முருங்கையடியில் மணலைக் கொட்டி, சுற்றிவரப் பனங்குற்றிகளை அடுக்கினாள். சாஜனைக் கூட்டிப் போய், "உன்ட இடம்" என்றாள்.

நாய் முகர்ந்தது. சுற்றியது. இருந்தது.

மக்டலின் மடியில் முடிந்திருந்த காய்ந்த கூனி இறாலில் ஒரு நுள்ளு எடுத்து நீட்டினாள். ஆற்றில் நீர் வடிச்சலோடு பிடிபடுகிற அந்தச் சின்னஞ்சிறு கூனி என்றால் சாஜனுக்கு உயிர். நக்கித் தின்றுவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று அவள் முன்னால் குந்தியிருந்து பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தன்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு பிழையும் இல்லை. விடியுமுன் இடியப்பம் பிழிகிற நேரம் சாஜன் எழும்பித் தானே முருங்கையடிக்குப் போகும். முடித்துவிட்டு வந்து குசினி வாசலில், கைக்கு எட்டுகிற தூரத்தில் நேராகக் குந்தியிருக்கும். கூனி விழுந்த பிறகுதான் படுக்கும். அலன் கிணற்றடிக் கம்பைத் தானே பிடுங்க வேண்டியதாயிற்று. பார்க்க வந்த பெண்கள் பனங்குற்றிக்கு வெளியே நின்று அதிசயப்பட்டார்கள்.

"எங்கட வீட்டு ஆம்பிளைகளுக்கும் ரெண்டு சாக்கு மணல் கொண்டு வா கா" என்றாள் ஒருத்தி.

"கூனி ஆரு குடுக்கிற?" என்றாள் இன்னொருத்தி.

மக்டலின் தலையை நிமிர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போய் மூப்பரிடம் சொன்னாள். மூப்பர், "நல்லது புள்ள, நல்லது" என்றார். அவருக்கும் நிம்மதிதான்.

பெருநாளுக்கு முதல் நாள் ஒழுங்கை புதுசாயிற்று. வேலிகளில் குருத்தோலை கட்டினார்கள். கூடு வருகிற பாதை முழுக்க ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலுக்கு நேரே கடல் மணல் பரப்ப வேண்டும். அது அந்தக் கோயில் உண்டான காலம் தொட்டு வருகிற வழமை. செருப்பில்லாமல் தூக்கி வருகிறவர்களின் காலுக்கு அது மெத்தை. உழவு இயந்திரப் பெட்டியில் மணல் வந்தது. மக்டலினும் சுலக்ஷனாவும் மற்ற எல்லோரையும் போல ஓலைப்பெட்டியில் அள்ளித் தங்கள் வாசலில் பரப்பி, வாருகோலால் வரி இழுத்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஒரு சுள்ளி இல்லாமல், ஒரு கால் படாமல், ஒழுங்கை ஆற்றங்கரை வரைக்கும் கிடந்தது. அலன் வீட்டு வாசலில் கூடு இறக்கி வைத்துச் செபிப்பதற்கு மேடை. அங்கே மணலைக் கணுக்கால் புதையும்படி போட்டிருந்தான்.

அந்த மணலைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மக்டலினுக்கும் தோன்றவில்லை. அவளுக்கு மணல் என்றால் பெருநாள்.

வெடிச்சத்தத்துக்குப் பயந்து சாஜன் அன்றைக்கு முழுக்கக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. பின்னேரம், கூட்டோடு நடந்து வர, மக்டலின் மெழுகுதிரியோடு கோயிலுக்குப் போய்விட்டாள். பின்னால் போக இருந்த சுலக்ஷனா, பாவம் காலையில் இருந்து ஒன்றுக்கும் போகவில்லையே என்று நினைத்து நாயை வெளியே விட்டு, "உன்ட இடம்" என்றாள். முன்படலை திறந்து கிடந்தது.

கூடு அலன் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கியது. சாமியார் செபம் தொடங்கினார். எல்லோரும் முழந்தாளில் இருந்தார்கள். அப்போதுதான் சாஜன் ஒழுங்கையில் வந்தது. அவசரப்படாமல் வந்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு இடத்தை அது கண்டதில்லை. முகர்ந்தது. மேடைக்கு நேர் முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றியது.

"ஐயோ, அங்க பாருங்க" என்று ஒரு பெண் மெல்லச் சொன்னாள்.

யாரும் அசையுமுன் முடிந்துவிட்டது. நாய் ஓடவில்லை. குற்றம் செய்த முகமும் இல்லை. முழந்தாளில் இருந்த சனத்துக்குள் மக்டலினைத் தேடிப் பிடித்து, அவள் முன்னால் போய் நேராகக் குந்தியிருந்து, அவள் கையைப் பார்த்தது.

ஊரே அவளைப் பார்த்தது. அவள் மெழுகுதிரியைப் பிடித்திருந்த கையில் மெழுகு வடிந்து சுட்டது. நாய் பொறுமையாகக் காத்திருந்தது.

மறுநாள் கொடியிறக்கிய கையோடு, கோயில் வேப்பமரத்தடியில் கூட்டம். மணி அடித்தே கூப்பிட்டார்கள். மூப்பருக்குக் கதிரை. ஆண்கள் நின்றார்கள். பெண்கள் ஒரு பக்கமாக மண்ணில் இருந்தார்கள். அலன்தான் பேசினான்.

"கூட்டைத் தூக்கின ஆக்கள் அதைக் கடந்து போனம். எங்கட அப்பாமார் காலத்துல இப்பிடி ஒண்டு நடந்ததா? நாய் பழகிட்டு எண்டு அக்கா கோயிலுக்கு வந்து பெருமை பேசினா. பழகின லெச்சணத்தை அந்தோனியாரே கண்டுட்டார். இனிக் கதைக்க ஒண்டுமில்ல. தோணி துறையில நிக்குது."

"ஓம், ஓம்" என்றார்கள் சிலர்.

"புள்ள, நீ என்ன சொல்றாய்?" என்றார் மூப்பர். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் கேட்டார்.

மக்டலின் எழும்பிச் சேலை மணலைத் தட்டினாள்.

"பழக்கச் சொன்னீங்க. பழக்கினன். வெள்ள மணல்ல போ எண்டு பழக்கினன். அது வெள்ள மணல்லதான் போச்சு. ஒழுங்கை முழுக்க மணல் போட்டது நாயா?"

யாரோ சிரித்தார்கள். மூப்பர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அதுக்காக அந்தோனியாருக்கு மணல் போடாம விடவா புள்ள?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல மூப்பர். போட்டதுல நானும் ஒருத்தி. என்ட பிழைதான். கட்டிப் போட்டிரிக்கணும். அதுக்கு அந்தோனியாரிட்ட முழந்தாளிட்டுக் கேட்டுட்டன், அவர் மன்னிப்பார். இப்ப உங்களிட்ட வேற ஒண்டு கேக்கிறன்." அவள் மூப்பரின் கதிரைக்கு நேரே வந்து நின்றாள். "மாரிக்க, விடியச் சாமத்துல என்ட குசினிக் கதவை ஒருத்தன் தள்ளினான். அண்டைக்கே உங்கட வீட்ட வந்து சொன்னன். நீங்க என்ன சொன்னீங்க?"

மூப்பர் நிலத்தைப் பார்த்தார். "கதவுக்கு நல்ல கொண்டி போடு எண்டு சொன்னன்."

"ஓம். அதுதான் சொன்னீங்க. மணி அடிக்கல்ல. கதிரை போடல்ல. இவ்வளவு சனம் கூடல்ல. ஒரு பொம்பிளைட கதவைத் தள்ளினதுக்குக் கொண்டி. நாய் பேண்டதுக்குக் கூட்டம்."

"அக்கா, அது வேற கதை" என்றான் அலன்.

"வேற கதைதான் தம்பி. அந்தக் கதையைக் கேக்க ஆளில்லாமத்தான் நாய் வளக்கிறன். சரி, கொண்டு போங்க. நான் மறிக்கல்ல. ஆனா நாளையில இருந்து நான் அடுப்பு மூட்டுற நேரம் தொட்டு விடியும் மட்டும் ஒரு ஆம்பிளை வந்து அது படுத்த இடத்துல இருக்கணும். மழை பெஞ்சாலும் இருக்கணும். ஆரு வாறீங்க?"

ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க வேப்பங்கிளைகளைப் பார்த்தார்கள்.

"அலன் தம்பி, நீதானே பக்கத்து வளவு. கூப்பிட்டாக் கேக்கிற தூரம். நீ வாறியா?"

அலன் வாயைத் திறக்குமுன் பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது.

"அவர் வேணாம்."

பிரஷாந்தி. அவள் எழும்பவில்லை. மடியில் உறங்கிய பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அவர் வேணாம் அக்கா. நாயே நிக்கட்டும்."

உரக்கச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அல்ல. ஆனாலும் வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் விளங்கின. அலன் மனைவியைப் பார்த்தான். பிறகு மூப்பரைப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் மெல்ல ஓர் அடி விலகி நின்றார். காற்று சருகை உருட்டிக்கொண்டு போயிற்று. அலன் துறைப் பக்கமாக நடந்தான். அவனை ஒருவரும் கூப்பிடவில்லை.

மூப்பர் கதிரையை விட்டு எழும்பினார். "நாய் நிக்கட்டும்" என்றார். வேறு ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. "புள்ள..." என்றார்.

"போயிற்று வாறன் மூப்பர்" என்றாள் மக்டலின்.

வென்றதுபோல அவளுக்கு இருக்கவில்லை. நடக்க நடக்க ஆத்திரம் கூடிக்கொண்டே வந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்ட வாய். கிணற்றடியில் கொடி நட்ட கைதான் குசினிக் கதவையும் தள்ளியிருக்கிறது. எத்தனை நாள் அவன் பிள்ளைகளுக்குச் சூட்டோடு இடியப்பம் கொடுத்து விட்டிருப்பாள்.

ஒழுங்கை இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. படலையைத் திறந்ததும் சாஜன் வெளியே தலையை நீட்டி, அந்த மணலைப் பார்த்து மூக்கை உயர்த்தியது. இது கிடக்கும் மட்டும் நாளைக்கும் இதே கதைதான். அவள் நாயை உள்ளே தள்ளிப் படலையைச் சாத்தினாள். மண்வெட்டியையும் ஓலைப்பெட்டியையும் எடுத்து வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் வாசலில் இருந்து மணலை வழிக்கத் தொடங்கினாள். கொடி இறங்கிவிட்டது, இனி அள்ளலாம். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று வெட்டினாள். மண்வெட்டி கல்லில் பட்டுக் கணீரென்றது.

சுலக்ஷனா பெட்டியைப் பிடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் படலை திறந்தது. பிரஷாந்தி பிள்ளையை உள்ளே கிடத்திவிட்டு வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் அலன் மணல் அள்ளுகிற சவள் இருந்தது. மேடைக்கு முன்னால் கணுக்கால் புதைந்த மணலில் போய் நின்று, அதை ஓங்கிக் குத்தினாள்.

மக்டலின் நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது கேட்கலாம். எப்போது தெரியும் என்று கேட்கலாம். தெரிந்துகொண்டு ஏன் இவ்வளவு நாள் என்றும் கேட்கலாம். அந்தக் கோபமும் அவளுக்குள் இருந்தது.

"நீங்க அந்தக் கரையால வழிச்சிட்டு வாங்க அக்கா" என்றாள் பிரஷாந்தி, குனிந்தபடியே. "நான் இந்தக் கரையால வாறன்."